திறவாத பீப்பாயும் ராமன் ஒளியும்

இருமலால் தூக்கமின்றித் தவிக்கும் தம்பிக்கு அம்மா கரண்டியில் மருந்தை ஊற்றுகிறார். புட்டியில் எழுதியிருப்பதுதான் உள்ளேயும் இருக்கிறது என்ற நம்பிக்கையில் ஊற்றுகிறார். அந்த நம்பிக்கை பலமுறை பொய்த்திருக்கிறது. 1937-இல் அமெரிக்காவில் 100-க்கும் மேற்பட்டோரும், 1986-இல் பம்பாயில் ஒரு மருத்துவமனையில் 14 பேரும் டை எத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சுக்குப் பலியாயினர். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் அதிகமான குழந்தைகள் மாண்டனர். அவர்கள் குடித்த இருமல் மருந்து நம் தமிழ்நாட்டில் தயாரானது என்பதை எண்ணும்போது நாம் வெட்கித் தலைகுனிய வேண்டியிருக்கிறது. அதில் 48.6 சதவீதம் அந்த நஞ்சே என்று தமிழக அரசின் சோதனை காட்டியது!

இந்த நஞ்சு நிறமற்றது, இனிப்பானது. கிளிசரினைப் போலவே குழகுழவென்றிருக்கும். கண்ணும் நாக்கும் ஏமாந்துவிடும். ஒளி ஏமாறாது.

திருச்சியில் பிறந்த சர். சி. வி. ராமன், கல்கத்தாவில் கே. எஸ். கிருஷ்ணனுடன் 1928 பிப்ரவரி 28 அன்று கண்டதை நாம் பாடமாகப் படித்திருக்கிறோம். ஒரு பொருளின்மீது பட்டுச் சிதறும் ஒளியில் ஏறத்தாழ கோடியில் ஒரு துகள் மட்டும் நிறம் மாறி வருகிறது. அந்த மாற்றம் மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடும், கைரேகை போல. தொடக்கத்தில் சூரிய ஒளியையும் தம் கண்ணையும் கொண்டே அவர்கள் அதைக் கண்டார்கள். இன்று அந்த ஆய்வு முழுவதும் கையில் பிடிக்கும் ஒரு கருவிக்குள் அடங்கிவிட்டது. கண்ணாடிப் புட்டியோ, பிளாஸ்டிக் பையோ, திறக்கவே வேண்டாம். வெளியிலிருந்தே லேசர் ஒளியைப் பாய்ச்சினால், திரும்பி வரும் ஒளியைத் தன்னிடமுள்ள பதிவுகளோடு ஒப்பிட்டுப் பெயரைச் சொல்லிவிடுகிறது. ஒளி புகாத நிறப் பிளாஸ்டிக்குக்கும் 2005-இல் இங்கிலாந்தின் ரூதர்ஃபோர்டு ஆப்பிள்டன் ஆய்வகத்தில் வழி கண்டார்கள்: லேசர் படும் இடத்தை விட்டுச் சற்றுத் தள்ளி ஒளியைச் சேகரித்தால், உறையின் குரல் தணிந்து உள்ளிருப்பதன் குரல் கேட்கும்.

கருவி எல்லாம் அறிந்ததன்று. தகரப் பீப்பாயை அதனால் ஊடுருவ முடியாது. சமையல் உப்பை நீட்டினால் வாய் திறக்காது. நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக நஞ்சு கலந்திருந்தால் தப்பவிட்டுவிடக்கூடும். ஆகவே ஆய்வகச் சோதனையைக் கைவிடச் சொல்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. ஆனால் பீப்பாய் முழுவதும் வேறு பொருளாயிருந்தால்? பாதிக்குப் பாதி கலப்பாயிருந்தால்? வாசலிலேயே பிடிபட்டுவிடுமே! பத்துப் பீப்பாய் வந்தால் ஒன்றிரண்டை மட்டும் பார்த்துவிட்டு மற்றவற்றை நம்பி ஏற்பது இனித் தகாது.

விலை பல லட்சம் ரூபாய், சிறு நிறுவனங்களுக்குக் கட்டாது என்பார்கள். உண்மைதான். அப்படியானால் தொழிற்பேட்டைக்கு ஒன்றாவது அரசு வாங்கி வைக்கட்டும். சரக்கு இறங்கும் நாளில் ஓர் அதிகாரி அதை எடுத்துக்கொண்டு வரட்டும்.