கூரை மட்டும் வீடாகாது



2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்ட நடைபயணம், ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் நிறைவுற்றது. மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்த அந்தப் பயணம் முன்வைத்த கோரிக்கைகளில் காணியும் வீடும் முக்கியமானவை. அன்று மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து வந்த எம் முன்னோருக்கு மலையில் கிடைத்தது லயக் காம்பரா. அதுவும் பெயர் செக்ரோலில் இருக்கும்வரைதான்.

அந்நாளில் கடனைத் தீர்த்துத் துண்டு வாங்காமல் யாரும் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல் துண்டு முறை ஒழிந்தது. ஆனால் வீட்டை வேலையோடு கட்டிவைத்த கயிறு இன்னும் அறுபடவில்லை. 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. நிலமோ இன்றும் அரசுக்கே சொந்தம். ஆகவே காணி உறுதி தருவது அரசின் கடமை. யாரும் காட்டும் தயவல்ல. இந்திய உதவியுடன் முதலில் 4,000 வீடுகளும், 2017இல் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகளும் அறிவிக்கப்பட்டதை வரவேற்கிறோம். உறுதி இல்லாமல் திறப்பை மட்டும் கையில் தந்தால், அது புதுக்கூரை போட்ட லயம்தான்.

மன்னாரில் வாழும் எம் உறவுகளையும் மறக்கக் கூடாது. 1964 ஒப்பந்தத்தின் பின் எம்மவர் பலர் தலைமன்னாரிலிருந்தே கப்பலேற்றப்பட்டனர். 1977, 1983 வன்செயல்களில் அடிபட்டு ஓடியவர்கள் வவுனியா, மன்னார், கிளிநொச்சிப் பகுதிகளில் காடு வெட்டிக் குடியேறினர். யுத்தம் அவர்களை மறுபடியும் இடம்பெயர்த்தது. திரும்பி வந்தபோது, காணிக்குப் பத்திரம் எங்கே என்று கேள்வி எழுந்தது. வியர்வை சிந்தித் திருத்திய நிலத்தில் அவர்கள் அத்துமீறியவர்கள் அல்லர்.

எமது கோரிக்கைகள் மூன்று. வீடு கையளிக்கும் நாளிலேயே உறுதியும் வழங்கப்பட வேண்டும். அது கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும். வடக்கில் குடியேறிய மலையகக் குடும்பங்களின் காணிப் பிரச்சினைக்குத் தாமதமின்றித் தீர்வு காண வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கிராம அலுவலரின் சான்று, பிள்ளைகளின் பாடசாலைப் பதிவு, பழைய மின்கட்டணச் சிட்டை ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். அரச காணி அனுமதிப்பத்திரம் உள்ளவர்கள் பிரதேச செயலகத்தில் பின்னுரித்தாளரைப் பதிவு செய்யுங்கள். செய்யாமல் விட்டால் பிள்ளைகளுக்குள் வழக்கு வரும். அவசரத்துக்குக் கடன் வாங்கும்போது காணிப் பத்திரத்தை யாரிடமும் ஈடாகக் கொடுக்காதீர்கள். விளங்காத கடதாசியில் கையொப்பம் வைக்காமல் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் காட்டுங்கள்.

சம்பளப் போராட்டத்தில் ஒன்றாக நின்றது போலவே காணிக்காகவும் ஒன்றாக நிற்போம். வேலை போனாலும் வீடு போகாது என்ற நிலை வரும்வரை எமது சங்கம் ஓயாது.