ஓப்பன் பேப்பரில் வாகனம் கைமாற்றுவதை நிறுத்துவோமா?



கொஞ்சம் நீளமான பதிவு. கார், வேன், ஓட்டோ என்று எதையாவது விற்கவோ வாங்கவோ நினைத்திருப்பவர்கள் மட்டுமாவது முழுக்க வாசியுங்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. சொந்தப் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. இடையில் பழைய ஓல்டோவும் வெகன் ஆரும் வாங்கிய விலையை விடக் கூடிய விலைக்குப் போனதைப் பார்த்தோம். இப்போதும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதியது நம்மில் பலருக்கு எட்டாது. ஆகவே செட்டிபாளையத்திலும் களுவாஞ்சிகுடியிலும் காத்தான்குடியிலும் நாம் வாங்குவது பெரும்பாலும் இன்னொருவர் ஓடிய வாகனம்தான். அதில் பிழையில்லை. பிழை நாம் அதைக் கைமாற்றும் விதத்தில் இருக்கிறது.

ஓப்பன் பேப்பர் என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். விற்பவர் உரிமை மாற்றப் படிவத்தில் கையெழுத்தை மட்டும் வைத்து, வாங்குபவர் பெயரும் திகதியும் வெறுமையாக, அடையாள அட்டைப் பிரதியோடு கொடுத்துவிடுவார். வாங்கியவர் ஆறு மாதம் ஓடிவிட்டு அதே பேப்பரை அடுத்தவரிடம் கொடுப்பார். மாற்றும் செலவும் அலைச்சலும் மிச்சம் என்று நினைக்கிறோம். மூன்றாவது, நான்காவது ஆள் யாரென்று முதலாமவருக்குத் தெரியாது. ஆனால் ஒரு விபத்து நடந்தால், கஞ்சாவோ சட்டவிரோத மணலோ அந்த வாகனத்தில் பிடிபட்டால், பொலிஸ் முதலில் தட்டுவது பதிவிலுள்ள பெயர்காரரின் கதவைத்தான்.

2019 ஏப்ரல் 21இல் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு, நிறுத்திவைக்கும் வாகனத்தின் கண்ணாடியில் தொலைபேசி இலக்கம் எழுதி வைக்கச் சொன்ன நாட்கள் நினைவிருக்கும். 'இது யாருடைய பெயரில்?' என்ற கேள்வி எவ்வளவு பாரமானது என்று இந்தக் கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் விளக்கத் தேவையில்லை.

வாங்குபவருக்கும் இது லாபமில்லை. பதிவிலுள்ளவர் கத்தாருக்குப் போய்விட்டாலோ மௌத்தாகிவிட்டாலோ, காசு கொடுத்து வாங்கிய வாகனத்தை நம் பெயருக்கு மாற்ற யார் பின்னால் அலைவது?

"தெரிந்த ஆள்தானே, பேப்பர் கேட்டால் மனம் நோகாதா?" என்பார்கள். நம்மை ஏமாற்றுவதும் பல வேளை தெரிந்த ஆள்தான், அது வேறு கதை. குர்ஆனின் மிக நீளமான வசனமே கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. எழுதுவது சந்தேகம் என்றால் அப்படியொரு வசனம் எதற்கு?

வாங்குமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வாகன இலக்கத்தைக் கொடுத்து விபரம் பாருங்கள். லீசிங் முடியாத வாகனத்தில் கம்பனியின் உரிமை பதிவாகியிருக்கும். 'கடைசித் தவணைதான் மிச்சம்' என்ற பேச்சை நம்ப வேண்டாம், கம்பனிக்கே போய்க் கேளுங்கள். புத்தகத்திலுள்ள செஸி இலக்கத்தையும் என்ஜின் இலக்கத்தையும் வாகனத்தில் உள்ளதோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். செஸி இலக்கத்தின் மேல் உராய்ந்த தடமோ புதுப் பெயின்டோ இருந்தால் பேசாமல் திரும்பி வாருங்கள்.

நமது ஊருக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக்காற்று அடித்தட்டைத் தின்றுவிடும். படுவான்கரைப் பக்கம் 2011லும் 2024 நவம்பரிலும் வந்த வெள்ளத்தில் எத்தனை வாகனம் நனைந்தது! மேலே பொலிஷ் பளபளக்கும். கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள், சீட் பெல்ட்டை முழுதாக இழுத்துப் பாருங்கள், சேறு அங்கேதான் ஒளிந்திருக்கும். நூறு ரூபாய் மீனை செவுள் தூக்கிப் பார்த்து வாங்கும் நாம், இருபது முப்பது லட்சத்தைக் கொடுக்கும்போது ஏன் வெட்கப்படுகிறோமோ தெரியவில்லை. நம்பிக்கையான ஒரு மெக்கானிக் பாஸையும் கூட்டிப் போங்கள்.

விற்பவர்களுக்கு: ஓடிப் பார்க்கக் கேட்டால் திறப்பைக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்காதீர்கள், பக்கத்தில் ஏறி இருங்கள். காசு அனுப்பியதாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட் காசு ஆகாது. கட்டுக்கட்டாக ஐயாயிரம் நோட்டு என்றால் வங்கியிலேயே சந்தித்து, காசாளர் எண்ணிக் கணக்கில் போட்ட பிறகு திறப்பைக் கொடுங்கள்.

வாகனம் கைமாறியதை விற்பவர் திணைக்களத்துக்கு அறிவிப்பதற்கென்று தனிப் படிவம் உண்டு. அதை வாங்குபவரிடம் விடாமல் நீங்களே பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டையும் வாங்கியவரின் அடையாள அட்டைப் பிரதியையும் பத்திரப்படுத்துங்கள். ஏற்கெனவே ஓப்பன் பேப்பரில் கொடுத்தவர்கள், வாங்கியவரின் நம்பர் போனில் இருக்கும்போதே இன்றைக்கு ஒரு கோல் எடுத்துப் பாருங்கள்.