திரையும் ஒளியும்

திருத்தணி மலையடியிலுள்ள சரவணப் பொய்கை, அசைவற்றிருக்கையில் வானத்தைக் கண்ணாடிபோற் காட்டும். சிற்றலை எழுந்தால் அவ்வுருவம் சிதறி மறையும். மடிக்கணினித் திரையின் இயல்பும் அத்தகையதே. பளபளப்பான திரை சாளரத்தின் ஒளியை அப்படியே திருப்பும், கண் கூசும், எழுத்து மறையும். நுண்ணிய சொரசொரப்புடைய மெருகற்ற திரையோ அவ்வொளியைப் பல திசைகளிற் சிதறச் செய்யும்.

பளபளப்பான திரையிலேயே வண்ணங்கள் பொலிவுறும் என்பர் சிலர். உண்மையே, எனினும், அப்பொலிவு ஒளி குறைந்த அறைக்கே உரியது. தமிழ்நாட்டரசு 2011-இல் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் திருத்தணி அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்திலேயே தொடங்கிற்று. மாணவர் பயில்வது வெயில் புகும் வகுப்பறையிலும் வீட்டுத் திண்ணையிலும் அன்றோ? ஆங்கு வேண்டுவது கவர்ச்சியன்று, தெளிவே. ஆதலின், அவர்க்கு ஏற்றது மெருகற்ற திரையே. மற்றது வாய்த்தோர், சாளரம் முதுகுப்புறம் அமையாது பக்கவாட்டில் அமையுமாறு அமர்தல் நன்று. பயன்படும் இடமறிந்து கருவியைத் தேர்வதே அறிவுடைமை.