எங்கே முரலுகிறது?

"எங்கே நோகிறது?" என்று வைத்தியர் கேட்டால் நோயாளி கையை வைத்துக் காட்டுவான். மோட்டார் வண்டிக்கு அந்த வசதி இல்லை. முரலல் ஒன்றே அதன் முறையீடு.

என் தமக்கையாரின் மகன் கொழும்பிலே உத்தியோகம் பார்க்கிறான். பழைய மஸ்டா எம்.எக்ஸ். 5 ஒன்று வைத்திருக்கிறான். 1989ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டு ஆசன ஸ்போர்ட்ஸ் கார் அது. துணிக்கூரையும் தாழ்ந்த இருக்கையுமாதலால், வேறு கார்களில் கேளாத ஒலியெல்லாம் இதிலே காதருகில் வந்து நிற்கும்.

"மாமா, 40 கிலோமீற்றருக்கு மேலே போனால் வண்டு முரலுவதுபோலக் கேட்கிறது. ரயரென்றார்கள், நான்கையும் மாற்றினேன். நிற்கவில்லை. இப்பொழுது டிபரென்சியல் என்கிறார்கள். அம்மாவுக்குச் சுகமில்லை, நாளை இரவு யாழ்ப்பாணம் போகவேண்டும்" என்றான்.

ரயர் என்றது நகைக்கத்தக்க சொல்லன்று. சில்லுகளின் ஒழுங்கு பிசகினால் ரயர் ஏற்றத்தாழ்வாய்த் தேய்ந்து இப்படித்தான் முரலும். ஆயினும், பணத்தைக் கொட்டுமுன் முன் ரயர்களைப் பின்னும் பின் ரயர்களை முன்னுமாக மாற்றிப் பார்த்திருந்தால், ஒலியும் கூடவே இடம்பெயர்கிறதா என்பது தெரிந்திருக்கும்.

மறுநாள் அதிகாலையிலே கட்டுநாயக்கா அதிவேக வீதிக்குப் புறப்பட்டோம். அவன் ஓட்டினான், நான் கேட்டேன். நேயர்களே, இரண்டையும் ஒருவரே செய்ய முயலாதீர்கள்.

80 கிலோமீற்றர் வேகத்திலே ஐந்தாம் கியரிலிருந்து நான்காம் கியருக்கு மாற்றச் சொன்னேன். எஞ்சினின் குரல் ஏறிற்று. முரலலின் சுருதி சற்றும் ஏறவில்லை. கிளச்சை மிதிக்க, எஞ்சின் தணிந்தது, முரலல் தணியவில்லை. ஆகவே எஞ்சினுக்கும் இதற்கும் உறவில்லை; இது சில்லோடு சேர்ந்து சுழலும் ஏதோவொன்று. அக்சிலேற்றரை அழுத்தியும் விட்டும் பார்த்தோம். டிபரென்சியலின் பற்சக்கரங்கள் தேய்ந்திருந்தால் சுமை மாறும்போது ஒலியின் தன்மையும் பெரும்பாலும் மாறும். இங்கு மாறவில்லை. வீதியை விட்டிறங்கிக் கரடுமுரடான தார்த்தெருவில் ஓடியபோதும் அதே சுருதி. ரயரின் ஒலியாயின் தரைக்கேற்ப வேறுபட்டிருக்கும்.

திரும்பி வரும்போதுதான் குட்டு வெளிப்பட்டது. வீதி வலப்புறம் நீண்டு வளையுமிடத்தில் முரலல் உறுமலாயிற்று. இடப்புறம் வளையுமிடத்தில் ஏறக்குறைய அடங்கிவிட்டது. வண்டி வலப்பக்கம் திரும்பினால் பாரம் இடப்பக்கச் சில்லுகளில் விழும். அந்தப் பாரத்தைத் தாங்கமாட்டாது கத்துவது சில்லின் நடுவே குண்டுகள் உருளும் பெயரிங். இவ்விதி சிற்சில வேளை பொய்ப்பதுமுண்டு. ஆதலால் வீட்டுக்கு வந்து வண்டியை ஜாக்கியில் உயர்த்தி, முட்டும் கொடுத்துப் பார்த்தோம்.

சில்லைப் பிடித்து அசைத்த மருமகன், "ஆட்டமே இல்லையே, மாமா!" என்று மகிழ்ந்தான். ஆட்டம் இல்லையென்பதனால் பெயரிங் நல்லதென்றாகாது. ஆட்டங்காணுமுன்பே அது முரலத் தொடங்கும். ஒரு கையைச் சுருள்வில்லின்மேல் வைத்துக்கொண்டு மற்றக் கையால் சில்லைச் சுழற்றச் சொன்னேன். பின்சில்லு வழுவழுவென்று சுழன்றது. இடப்புற முன்சில்லைச் சுழற்றியபோது அவன் முகம் மாறிற்று. கையில் மணல் அரைபடுவதுபோலிருந்ததாம். பெருமழையன்று வெள்ளத்துக்குள்ளே வண்டியைச் செலுத்தியதையும், நீருள் மறைந்திருந்த குழியொன்றில் அந்தச் சில்லு விழுந்ததையும் அப்பொழுதுதான் சொன்னான்! அடிபட்ட பெயரிங்கில் நீரும் புகுந்தால் மசகு கெட்டு விரைவிலே தேயும்.

"யாழ்ப்பாணம் போய்வந்து மாற்றட்டுமா?" என்றான். ஏறத்தாழ 400 கிலோமீற்றர், அதுவும் இரவில். இத்தகைய பெயரிங் சூடேறி இறுகலாம். முற்றினால் சில்லே கழன்றுபோகவும் இடமுண்டு. எனக்கும் தமக்கையாரைப் பற்றிய ஏக்கம் இல்லாமலில்லை. ஆயினும் சாவியை வாங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு புகையிரதத்தில் போனான்.

தமக்கையார் தேறிவிட்டார். இந்தக் காரின் முன்சில்லில் குடமும் பெயரிங்கும் ஒன்றாய் அமைந்தவையாதலால், அவன் திரும்பியதும் அதை முழுதாகவே மாற்றினார்கள். சென்ற வாரம் என்னை ஏற்றிக்கொண்டு ஓடினான். காற்றின் ஓசையைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. பத்து நிமிடம் சென்றதும் தலையைச் சாய்த்து, "மாமா, கதவுப் பக்கம் ஏதோ கிலுகிலுக்கிறதே!" என்றான்.