கடிதத்தைப் பிரிக்கவே வேண்டாம், திருடன் உள்ளே!

சூளகிரி, ஓசூர் பட்டறைகளுக்கு ஆர்டர், பில் எல்லாம் இப்போது இ-மெயிலில்தான். அந்தத் தபாலை வாங்கிப் பட்டுவாடா செய்யும் சர்வர்களில் ஓடும் 'எக்ஸிம்' மென்பொருளில், 2021 மே மாதம் 21 ஓட்டைகள் அம்பலமாயின! துப்புத் துலக்கியது குவாலிஸ் நிறுவனம். பத்து ஓட்டைகள் வெளியூரிலிருந்தே நுழைய வழிவிடுபவை. பெரும்பாலானவை 2004-லிருந்தே இருந்தவை. 17 வருஷம்!

பல ஓட்டைகளின் சங்கதி இதுதான்: உழக்கில் மரக்கால் நெல்லைக் கொட்டினால் பக்கத்துப் பானையிலும் சிந்தும். கம்ப்யூட்டர் நினைவகத்திலும் அப்படியே. கணக்குப் போட்டுச் சிந்தவைத்தால், சர்வர் திருடன் சொல் கேட்டு ஆடும். கடிதத்தை யாரும் திறக்கக்கூட வேண்டாம். அப்புறம் பில்லில் பாங்க் கணக்கு எண்ணை மாற்ற எத்தனை நேரமாகும்?

ஓட்டைகளை அடைத்த 4.94.2 பதிப்பு அன்றே வந்துவிட்டது. போடவேண்டியவர் சர்வர்காரர். மாத வாடகை கட்டும் பட்டறைக்காரர்தான் "புதுசு போட்டாச்சா?" என்று அவரிடம் கேட்கவேண்டும்.