யுத்தத்துக்குப் போட்ட ஓடுபாதை

கம்மாபுரம், விருத்தாசலம் பக்கத்திலிருந்து உளுந்தூர்பேட்டை வழியாகச் சென்னைக்குப் போயிருப்பீர்கள். அந்த ஊரில் பழைய ஆகாய விமானத் தளம் ஒன்று இருப்பது தெரியுமா?

இரண்டாவது உலக யுத்தத்தில் வெள்ளைக்காரர் போட்டது அது. 1942 ஏப்ரல் 5-ந் தேதி ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னையில் பீதி. வீட்டைப் பூட்டிக்கொண்டு ஜனங்கள் வெளியூருக்கு ஓடினார்கள். கரையைக் காக்க விமானங்கள் வேண்டும். அவை இறங்க இடமும் வேண்டும். சோழவரம், உளுந்தூர்பேட்டை என்று பல இடங்களில் ஓடுபாதைகள் முளைத்தன.

1945-ல் யுத்தம் முடிந்தது. விமானங்கள் போய்விட்டன; பாதைகள் கிடந்தன. சோழவரத்துக்கு யோகம் அடித்தது. அங்கே மோட்டார் பந்தயம் நடந்தது. கார்கள் சீறிப் பாய்வதைப் பார்க்கச் சென்னையே திரண்டது! 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் திடல் வந்துவிட்டது.

உளுந்தூர்பேட்டைக்கு அந்த யோகமும் இல்லை. "விமான நிலையம் வேண்டும்" என்ற கோரிக்கை மட்டும் அவ்வப்போது எழுகிறது. நியாயமான ஆசைதான். ஆனால் பாதை மட்டும் போதுமா? கட்டுப்பாட்டுக் கோபுரம், தீயணைப்பு வண்டி, சுற்றுச்சுவர் எல்லாம் வேண்டும். முக்கியமாக, தினமும் டிக்கெட் வாங்க ஆள் வேண்டும். பக்கத்து நெய்வேலியில் நிலக்கரி நிறுவனத்தின் ஓடுபாதை இருக்கிறது. திருச்சியிலும் புதுச்சேரியிலும் விமான நிலையங்கள் உண்டு. இத்தனைக்கும் நடுவில் இன்னொன்று பிழைப்பது கஷ்டம். விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி வைக்கலாம். அதற்குப் பயணிகள் கூட்டம் தேவையில்லை. நம் பக்கத்துப் பிள்ளைகளும் அதில் சேரலாமே!