கொல்லைப்புறத்து வசந்தம்

வகுப்பில் மாணவர்களை 'வசந்த காலம்' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதி வரச் சொல்லியிருந்தேன். முப்பத்திரண்டு பேர் எழுதி வந்தார்கள். அவர்களில் இருபது பேருடைய வசந்தத்தில் பனி உருகிற்று; புல்தரை பசேலென்று விரிந்தது; பெயர் தெரியாத மஞ்சள் பூக்கள் தலையாட்டின. வீரசோழனில் பிறந்து, அருப்புக்கோட்டைக்கு அப்பால் அதிகம் போயிராத பிள்ளைகள்! பனி உருகுவதை அவர்கள் எங்கே கண்டார்கள்? பாடப் புத்தகத்தில் கண்டார்கள். ஒரே ஒரு பையன் மட்டும், "வசந்த காலத்தில் எங்கள் கிணற்றுக்கு வாளிக் கயிறு நீளும்" என்று எழுதியிருந்தான். இலக்கணப் பிழைகள் ஏராளமாக இருந்தும் அவனுக்கே அதிக மார்க்குப் போட்டேன்.

நம் கரிசல் சீமையின் வசந்தம் அப்படிப்பட்டதுதான். பங்குனி பாதி கழிவதற்குள் கண்மாயில் மடையோரத்துச் சேறு மட்டும் மிஞ்சுகிறது. களத்தில் மிளகாய் வற்றல் சிவக்கச் சிவக்கக் காய்கிறது. மாசியில் இலை உதிர்த்த வேம்பு செம்பு நிறத்தில் தளிர் விட்டுப் பூத்துச் சொரிகிறது. வருஷப் பிறப்புப் பச்சடிக்காக அதன் அடியில் துணி விரித்துப் பூப் பொறுக்குகிறார்கள். கறுப்பு ஆண் குயில் கூவிக்கொண்டே இருக்க, புள்ளி போட்ட பெண் குயில் காக்கைக் கூட்டில் எப்பொழுது முட்டையிடலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. சித்திரை முதல் தேதி பொன்னேர் பூட்டுகிறோம். இத்தனையும் இருக்க, நம் பிள்ளைகள் பனியைப் பற்றி எழுதுகிறார்கள்!

பிள்ளைகளை மாத்திரம் குறை சொல்லுவானேன்? சென்ற பங்குனியில் நான் செய்த காரியத்தைச் சொல்லுகிறேன். என் வீட்டுக் கொல்லையில் பத்துப் பன்னிரண்டு சீமைக் கருவேல் மரங்கள் புதராக வளர்ந்திருந்தன. இந்த முள் நமக்குச் சொந்தமானதன்று. அமெரிக்கக் கண்டத்து மரம். 1870-களில் சென்னை மாகாண வன இலாகாவினர் வறண்ட பிரதேசங்களுக்கென்று இதைத் தருவித்தார்கள். ஆடும் மாடும் நெற்றைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்ப, இராமநாதபுரம், விருதுநகர் ஜில்லாக்களில் கண்மாய், தரிசு ஒன்றும் பாக்கி இல்லாமல் இது பரவிவிட்டது. காற்றிலுள்ள ஈரத்தையே உறிஞ்சிவிடும் என்று சொல்வதற்கு ஆதாரமில்லை. ஆனால் ஆழ வேரோடி நிலத்தடி நீரை எடுப்பதும், தன் நிழலில் வேறு செடியைத் தலையெடுக்க விடாததும் மெய்தான். அதே சமயத்தில், மழை பொய்த்த வருஷங்களில் கரிமூட்டம் போட்டு எத்தனையோ குடும்பங்கள் அடுப்பு மூட்டியதும் இந்த முள்ளினால்தான். ஆகையால் அதை வாய்க்கு வந்தபடி வைது முடித்துவிடுவது நியாயமாகாது.

2017-ம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தென் ஜில்லாக்களில் இம்முள்ளை அகற்றும்படி உத்தரவுகள் இட்டது. 2022-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் அந்நியத் தாவரங்களைப் பற்றி ஒரு கொள்கையே வெளியிட்டது. அதில் அகற்றுவதோடு நில்லாமல், அகற்றிய இடத்தில் நம் மரங்களை மீட்பதும் பேசப்படுகிறது. நானோ முதல் பாதியை மட்டும் மனத்தில் வாங்கிக்கொண்டேன். ஜே.ஸி.பி. என்று ஊரில் வழங்கும் மண்வாரி யந்திரத்தை ஒரு நாள் வாடகைக்கு வரவழைத்தேன். மத்தியானத்துக்குள் கொல்லை சொட்டைத் தலை மாதிரி ஆயிற்று. பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தவிட்டுக்குருவிகளின் சப்தம் கேட்டது.

ஒன்றல்ல, எட்டுக் குருவிகள். கூட்டமாகவே திரிகிற, கூட்டமாகவே குஞ்சுகளுக்கு இரை ஊட்டுகிற பறவை அது. சாய்த்துப் போட்ட முட்குவியலின் மேல் ஏறியும் இறங்கியும் கத்தின. என் மகள் குனிந்து பார்த்து, கிண்ணம் போன்ற ஒரு கூட்டை எடுத்து வந்தாள். நீல நிறத்தில் மூன்று முட்டைகள்; மூன்றும் உடைந்திருந்தன. மாலை வரையில் அவை அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. பக்கத்து வீட்டு மூதாட்டியார் வேலிக்கு அப்பாலிருந்து, "வாத்தியாரையா, முள்ளைப் பிடுங்கினது சரி. குருவிக்கு வேற எடம் பாத்து வச்சீகளா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. என் மகள் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

தண்டனை அதோடு போகவில்லை. ஆடிக் காற்றில் அந்த வெற்றுக் கொல்லையின் புழுதி முழுவதும் வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. ஐப்பசி மழையிலோ, யந்திரம் முறித்துவிட்டுப் போன அடிக்கட்டைகளெல்லாம் முன்னிலும் அடர்த்தியாகத் துளிர்த்தன. இம்மரத்தின் துளிர்க்கும் சக்தி தண்டும் வேரும் சேருமிடத்தில் இருக்கிறது. ஓரடி ஆழத்துக்குத் தோண்டி, வேரின் தலையோடு எடுத்தாலன்றி அது சாகாது. கன்றாக இருக்கையில் மண் ஈரத்தில் கையாலேயே பிடுங்கிவிடலாம். மரமான பிறகு கடப்பாரைதான்.

எங்கள் பக்கத்து ஜில்லாவில் நடந்த ஒரு விஷயத்தை அப்பொழுது நினைத்துக்கொண்டேன். 2020-ல் சிவகங்கை ஜில்லா பொத்தகுடிக் கிராமத்தில், தெரு விளக்குகளை ஏற்றும் சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு சிறு குருவி கூடு கட்டி முட்டையிட்டது. சுவிட்சைத் தொட்டால் கூடு கலையும். ஊரார் கூடிப் பேசினார்கள். குஞ்சு பொரித்துப் பறந்து போகும் வரையில், ஒரு மாதத்துக்கு மேல், தெரு விளக்கே இல்லாமல் இருட்டில் நடந்தார்கள். ஓர் ஊரே இருட்டைப் பொறுத்துக்கொண்டது. எனக்கு இரண்டு மாதம் பொறுக்க முடியவில்லை!

இவ்வருஷம் எங்கள் வீட்டு ஏற்பாடு வேறு. துளிர்த்த முள்ளைக் கொல்லையின் கிழக்குப் பாதியில் மட்டும் தையிலேயே எடுத்துவிட்டோம். மேற்குப் பாதியை இப்போதைக்குத் தொடுவதில்லை. கிழக்கில் வைக்கிற வேம்பும் உடையும் நாட்டுக் கருவேலும் ஆளுயரம் வந்த பிறகுதான் அதற்கு முறை. நாட்டுக் கருவேலை அற்பமாக நினைக்க வேண்டாம். முதுகுளத்தூர்ப் பக்கத்துக் காஞ்சிரங்குளம் கண்மாயில் நாரைகளும் கொக்குகளும் வந்து தங்குவது அந்த மரங்களில்தான். 2022-ல் அக்கண்மாய்க்கு ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்தது.

மரம் எப்பொழுது நடுவது என்பதிலும் ஒரு வார்த்தை. 1950-ல் மத்திய மந்திரி கே. எம். முன்ஷி தொடங்கிய வன மகோற்சவம் ஜூலை முதல் வாரத்தில் வருகிறது. வடக்கே அது மழைக்காலம். நமக்கோ ஆனி வெயில். அந்த வாரத்தில் படம் பிடித்துக்கொண்டு நட்ட கன்றுகள் எத்தனை பிழைத்தன என்று நேயர்கள் தங்கள் ஊரிலேயே எண்ணிப் பார்க்கலாம். நம் கன்றுகளுக்கு ஐப்பசிதான் நல்ல காலம். வசந்தத்தில் செய்ய வேண்டியது குழி வெட்டுவது. இரண்டடிச் சதுரம், இரண்டடி ஆழம். உதிர்ந்த வேப்பிலையைக் கொளுத்திப் புகையைக் குழந்தைகளின் மூச்சில் ஏற்றாமல், குழியில் போட்டு மண்ணால் மூடினால் ஐப்பசிக்குள் மக்கிவிடும். சித்திரையில் ஒரு கோடை மழை பெய்தால் அந்த நீரும் குழியில் இறங்கும். இப்பொழுது புது வீடு கட்டுகிறவர்கள் வாசல் முழுவதும் சிமெண்டுக் கல் பாவிவிடுகிறார்கள். மழை தெருவுக்கு ஓடுகிறது. பிறகு தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிறார்கள்.

பறவைக்கென்று அகன்ற மண் சட்டியில் தண்ணீர் வைப்பது நல்லதுதான்; ஆனால் வைத்ததோடு மறந்துவிடுவது நல்லதன்று. ஏறத்தாழ ஒரு வாரம் தேங்கினால் போதும், டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு அதில் வளர்ந்து பறந்துவிடும். கொசுவின் முட்டை சட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்குமாதலால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. தேய்த்துக் கழுவ வேண்டும். விறகையும் முள்ளையும் வீட்டுச் சுவரோடு சேர்த்து அடுக்குவதும் கூடாது. அங்கே எலி வரும், எலிக்குப் பின்னால் விரியன் வரும். கடித்துவிட்டால் மந்திரிக்கப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது.

இவ்வளவு வேலையும் யார் செய்வது என்று கேட்பீர்கள். குடும்பந்தான் செய்ய வேண்டும். ஐந்து வயதுமுதல் பதினேழு வயது வரையுள்ளவர்கள் தினம் சராசரி 60 நிமிஷமும், பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிஷமாவதும் தேகத்தை அசைத்து உழைக்க வேண்டுமென்று உலகச் சுகாதார ஸ்தாபனம் 2020-ல் வகுத்திருக்கிறது. என் மகன் இதற்காகப் பட்டணத்தில் சந்தா கட்டித் தேகப்பயிற்சிக் கூடத்துக்குப் போக வேண்டுமென்றான். நான் கடப்பாரையைக் கையில் கொடுத்தேன். முதல் நாள் கை கொப்பளித்தது, கோபித்துக்கொண்டான். பத்தாம் நாள் இரண்டாவது குழியைத் தானாகவே வெட்டத் தொடங்கினான். காலை ஆறு மணிமுதல் ஏழு மணி வரையில் வேலை. வெயில் ஏறினால் எல்லோரும் உள்ளே. மாலையில் வற்றிய கண்மாய்க்குள் தெருப் பிள்ளைகள் சடுகுடு ஆடுகிறார்கள். சேறு காய்ந்து வெடிக்கும் வரையில் அதைவிட மெத்தென்ற மைதானம் கிடையாது. பெண் குழந்தைகளும் இவ்வருஷம் ஒரு கட்சி சேர்த்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு மிகுந்த சந்தோஷம். என் மனைவி மட்டும், "இத்தனை வருஷமாகக் கிணற்றில் தண்ணீர் இறைத்தது எந்தப் பயிற்சியில் சேர்த்தி?" என்று கேட்கிறாள். கேள்வி நியாயமானது. ஆகவே இறைக்கும் முறை இப்பொழுது எனக்கும் உண்டு.

கழிந்த செவ்வாய்க்கிழமை மேற்குப் பாதியின் முட்புதரில் தவிட்டுக்குருவி ஒன்று நார் கொண்டு போவதை என் மகள் பார்த்தாள். அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது என்று குறுக்கே ஒரு கயிறு கட்டியிருக்கிறாள். துணி உலர்த்தும் கொடி அங்கேதான் இருந்தது. அதை இடம் மாற்றியாயிற்று.